மூன்று ஆண்டுகள், அதே மருத்துவர்

சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி மூன்றும் உள்ள ஒரு பாட்டி மாதாமாதம் ஓ.பி. சீட்டு எடுத்து வரிசையில் நிற்கிறார். மாதத்துக்கு ஒரு புதிய முதுநிலை மாணவர் அவரைப் பார்க்கிறார். போன மாதம் பார்த்தவர் இப்போது வேறு வார்டில் இருப்பார். புதியவரும் கெட்டிக்காரர், அக்கறையுள்ளவர். ஆனால் அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களும் ஒரு கசங்கிய நோட்டும்தான். அதே மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைக்கிறார். அந்த மாத்திரையைப் பாட்டி இரண்டு வாரமாகத் தொடவே இல்லை என்பதோ, பிறகு அவருக்கு என்ன ஆனது என்பதோ அந்த மருத்துவருக்குத் தெரியப்போவதில்லை.

நம் போதனா மருத்துவமனைகளில் பெரும்பாலும் இப்படித்தான் மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. இது தவறு. கூட்டம் அதிகம், ஆள் போதவில்லை என்ற காரணங்கள் உண்மையானவையே. ஆனாலும், தான் எழுதிய மருந்து என்ன செய்தது என்பதைப் பார்க்காமலே ஒருவர் மூன்றாண்டுப் பயிற்சியை முடித்து வெளியேற முடிகிறதென்றால், அங்கே நோயாளி மட்டும் ஏமாற்றப்படவில்லை; அந்த இளம் மருத்துவரும் ஏமாற்றப்படுகிறார்.

இதைத் திருத்துவதற்கென்றே இருக்கும் துறை குடும்ப மருத்துவம். முதுநிலை மருத்துவக் கல்வி வாரியம் குடும்ப மருத்துவப் படிப்புகளை ஊக்குவிக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமே சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையும் இதை ஆதரித்தது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி பத்தாண்டுகளுக்கு முன்பே இத்துறையில் எம்.டி. தொடங்கிவிட்டது. வேலூர் சி.எம்.சி., நகரத்து ஏழைகளுக்காக 1982இல் தொடங்கிய குறைந்த செலவு மருத்துவப் பிரிவு வழியாக, சிகிச்சையும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் என்று காட்டியது. இவ்வளவு இருந்தும் நம் வீடுகளில் ஒரு மருத்துவரைப் பற்றி முதலில் கேட்கப்படுவது, “வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?” என்பதுதான். இந்தக் கேள்விக்கு மக்களை நாம் குறை சொல்லமாட்டோம். உடலை உறுப்பு உறுப்பாகப் பங்கிட்டுக்கொண்ட கல்வி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி அது.

மருத்துவரை மக்களின் நடுவே வைத்துப் பயிற்றுவிப்பது நம் குமரி மாவட்டத்துக்குப் புதிய யோசனையும் இல்லை. 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே வழியாக நெய்யூரில் வேர்விட்ட லண்டன் மிஷன் மருத்துவப் பணியில், 1860களில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். அங்கே படித்தவர்கள் கிளை மருத்துவமனைகளுக்குப் போய், அந்தந்த ஊர் மக்களைப் பார்த்தார்கள். 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்து, பிறகு தென்னிந்தியாவுக்கு வந்து நெய்யூரில் தங்கிவிட்ட டாக்டர் சோமர்வெல் காலத்திலும் கிளைகளை இந்திய மருத்துவர்கள் நடத்த, அவர் சுற்றிவந்து அவர்களுக்குத் துணைநின்றார். மதம் பரப்பும் நோக்கமும் அந்தப் பணியில் கலந்திருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கற்றவனை மக்களின் நடுவே வைத்து, மூத்தவர் அவனைத் தேடிப் போகும் முறை சரியான முறை. அதை நாம் கைவிட்டது இழப்புதான்.

மாவட்டத்தின் வாழ்க்கையும் இதைத்தான் கேட்கிறது. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போகிறார், காலை ஓ.பி. அவருக்கு ஒத்துவராது. தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை; ஒரு மாத மாத்திரை அவர் கணக்குக்குப் பொருந்தாது. பிள்ளைகள் வளைகுடாவில், பெற்றோர் தனியாக என்ற வீடுகள் நாகர்கோவிலைச் சுற்றி எத்தனையோ. கொஞ்சம் கையில் பணம் சேர்ந்தால் திருவனந்தபுரத்துக்குக் கார் பிடிக்கிறோம். அங்கே இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் எழுதிய மருந்துகளை மொத்தமாக எடுத்து வைத்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல ஊரில் ஆளில்லை. அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவரே குடும்ப மருத்துவர்.

ஒரே மருத்துவரிடம் தொடர்வதன் பயனுக்குச் சான்றும் உண்டு. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தவர்களிடையே, ஓராண்டுத் தொடர்பு மட்டுமே உள்ளவர்களைவிட, அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும் இறப்பதும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. நார்வேயின் ஏற்பாடு வேறு, நம்முடையது வேறு. என்றாலும் தெரிந்த மருத்துவர் என்பது பணக்கார நாட்டின் சொகுசு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆகவே நம் கோரிக்கை இது. 2001இல் ஆசாரிப்பள்ளத்தில் உருவான கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியில் குடும்ப மருத்துவம் முழுமையான துறையாக இயங்க வேண்டும். பயிற்சி பெறும் ஒவ்வொரு மருத்துவரிடமும் முதல் மாதமே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் 100 குடும்பங்களை ஒப்படைக்க வேண்டும். வார்டில் எந்தப் பணி இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாள் அவர் அங்கே இருக்க வேண்டும், மூன்று ஆண்டும். முதுநிலை மாணவர்களை மாவட்ட மருத்துவமனைக்கு மூன்று மாதம் அனுப்பும் இப்போதைய திட்டம் நல்லதே. ஆனால் ஒரு சர்க்கரை நோயாளியின் மூன்று மாதத்தைப் பார்த்தவர் அந்த நோயின் முதல் பக்கத்தைத்தான் பார்த்திருப்பார். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கு மாத்திரையைக் கொண்டுவந்துவிட்டது; அந்த மாத்திரைக்குப் பின்னால் பொறுப்பான ஒரு மருத்துவரின் பெயரும் இருக்கட்டும்.

ஆசிரியர் இல்லாமல் இது நடந்தால் அநியாயம். கிராமத்து ஏழை மீது பழகிப் பார்க்க ஓர் இளைஞரைத் தனியே விடுவது பயிற்சி ஆகாது; காலிப் பணியிடத்தை மலிவாக நிரப்பும் தந்திரம் அது. மாணவர் பார்த்து முடித்ததும், நோயாளி எழுந்து போகும் முன் மூத்த மருத்துவர் வந்து கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை இருவரும் பட்டியலை எடுத்து வைத்து, யாருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லை, யார் வரவே இல்லை என்று பார்க்க வேண்டும். வராதவர் வீட்டுக்குப் போக வேண்டும். தேர்வு மதிப்பெண்ணில் ஒரு பங்கு இந்தப் பட்டியலுக்கு இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் சமுதாய, குடும்ப மருத்துவத்துக்கெனத் துறை வைத்து நடத்துகிறது. போர் சிதைத்த ஊரால் முடிந்தது நம்மால் முடியாதா?

வரும் கல்வியாண்டில் மலையோரம் ஒரு சுகாதார நிலையம், கடலோரம் ஒன்று என இரண்டில் தொடங்கினால் போதும். ஆசிரியர் பணியிடங்களுக்கான அரசாணை முதலில் வரட்டும், மாணவர் பிறகு வரட்டும். மூன்றாண்டு முடித்துப் போகிறவர் தன் குடும்பங்களைக் காகிதத்தில் ஒப்படைத்துவிட்டுப் போகக் கூடாது. அடுத்து வருபவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், அவர்கள் முன்னிலையில் ஒப்படைக்க வேண்டும். அதற்கென்று கடைசி மாதத்தை ஒதுக்கி விதியிலேயே எழுதிவிட வேண்டும்.