அடை மறந்த கோழிகள்

இலக்கியம் பேசும் இடத்தில் கோழிக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்களை முதலில் விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்துக்கு அழைக்கிறோம். பழைய தென்னார்க்காட்டு மண்ணில், ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டில், சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்கு உருவம் செதுக்கி, வட்டெழுத்தில் வாசகம் பொறித்து நடுகல் நிறுத்தியிருக்கிறார்கள். கோழிக்குக் கல் நட்ட அதே நிலப்பரப்பில், இன்று கடலூர், சிதம்பரம் கிராமங்களில் தன் கோழியைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்திருக்கும் வீட்டைக் காண்பது அரிது.

புவனகிரியிலோ காட்டுமன்னார்கோயிலிலோ ஏதேனும் ஒரு தெருவில் காலையில் சற்று நின்று பாருங்கள். கருப்பு, செவலை, சாம்பல், புள்ளி. ஒற்றைக் கொண்டை, பட்டாணிக் கொண்டை. மஞ்சள் கால், வெள்ளைக் கால், கருங்கால். சேவல்கட்டு அறிந்தவர்களிடம் இந்த நிறங்களுக்குக் காகம், வல்லூறு, கீரி, மயில் என்று தனி அகராதியே உண்டு. நடுவே, கழுத்தில் இறகின்றி நோயாளிபோல் ஒன்று மேயும். கழுத்தறுத்தான். அழகில்லை என்று முதலில் விற்கப்படுவது அதுதான். அந்தத் தோற்றத்துக்குக் காரணமான மரபணு ஒரு பிரதி இருந்தால் உடலின் இறகில் ஐந்தில் ஒரு பங்கும், இரு பிரதி இருந்தால் ஐந்தில் இரண்டு பங்கும் குறையும். உடற்சூடு எளிதில் வெளியேறும். சித்திரை வெயிலும் கடற்கரைப் புழுக்கமும் கூடிய மாவட்டத்தில், தேடிப் பிடித்துப் பெருக்கவேண்டிய பறவையை நாம் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நாட்டுக்கோழி மீது வாசிக்கப்படும் குற்றப்பத்திரிகை ஒன்றுதான்: ஆண்டுக்கு 60, 70 முட்டை, வெள்ளை லெக்ஹார்னோ 300. இந்தக் கணக்கில் ஒரு மோசடி இருக்கிறது. நம் பெட்டை 12, 15 முட்டை இட்டதும் 21 நாள் அடைகாக்கிறது. பிறகு இரண்டு மூன்று மாதம் பருந்துக்கும் கீரிக்கும் தப்பவைத்துக் குஞ்சுகளைக் கூட்டி அலைகிறது. பொரிப்பகம், வெப்ப விளக்கு, காவலாள் ஆகிய மூன்று செலவையும் ஒரே உயிர் ஏற்கிறது. குஞ்சுகளை முன்னதாகப் பிரித்து வளர்த்தால் அதே பெட்டை விரைவில் மீண்டும் முட்டைக்கு வரும் என்பதைக் கால்நடை மருத்துவர்களே சொல்வார்கள். குறை கோழியிடமா, கணக்கெழுதியவரிடமா?

தமிழக அரசு 2012இல் நாட்டுக்கோழி வளர்ப்புக்கெனத் தனித் திட்டம் தொடங்கியது, வரவேற்கவேண்டியதே. ஆனால் புறக்கடைக்கென்று பரிந்துரைக்கப்படும் வனராஜா, கிராமப்பிரியா போன்ற ஐதராபாத் வரவுகளில் அடைகாக்கும் குணம் பெரும்பாலும் கழிக்கப்பட்டுவிட்டது. முட்டை கூடும், மறுப்பதற்கில்லை. அடுத்த குஞ்சுக்கு மட்டும் வீட்டுக்காரி பணத்தோடு வரிசையில் நிற்கவேண்டும். யாரையும் கேட்காமல் அவள் கையில் இருந்த ஒரு சிறு சொத்து அது.

துறையைத் திட்டிவிட்டு நாம் தப்ப முடியாது. முந்தி வளர்ந்து நெஞ்சு நிமிர்த்தும் சேவல் எங்கே போகிறது? நேர்த்திக்கடனுக்கு, மருமகன் விருந்துக்கு, தீபாவளிச் சந்தைக்கு. மிஞ்சுகிற சோணிச் சேவல்தான் தெருவுக்கெல்லாம் தகப்பன். தலைமுறை தலைமுறையாக மோசமானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இனம் சிறுத்துவிட்டது என்கிறோம்.

இன்னொரு பக்கம் ‘தூய நாட்டுக்கோழி’ப் பக்தர்கள். கோழிக்கு மஞ்சள் தோலைத் தரும் மரபணு நம் தென்னகக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெள்ளை லெக்ஹார்னின் மஞ்சள் காலிலும் நம் காடு இருக்கிறது, தூய்மை எங்கே? நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்பதும் கதை. வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் ஒரே வாரத்தில் தெருவே காலி. தடுப்பூசி போடத்தான் வேண்டும்.

நாம் கேட்பது பெரிய நிதியை அல்ல. நல்ல சேவலை ஓராண்டு விட்டுவையுங்கள். சில ஆண்டுக்கொருமுறை அடுத்த ஊர்ச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். அண்ணாமலை நகரில் வேளாண் புலம் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களில் மாணவர் ஆளுக்குப் பத்துப் பெட்டைகளை ஓராண்டு தொடர்ந்து, இட்டது, பொரித்தது, பிழைத்தது மூன்றையும் எழுதினால் போதும். தேர்வு செய்ய அடிப்படை கிடைத்துவிடும். முதல் பக்கத்தில் கழுத்தறுத்தானை எழுதட்டும்.