பூத்து முடிஞ்ச சம்பங்கிக்கு மூணு வருஷம் கொடுங்க

மாடித் தொட்டியில் சம்பங்கி வைத்து, ஒரு தடவை பூத்ததும் 'இனி ஒண்ணும் இல்ல' என்று வேரோடு பிடுங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, அது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றிப் பக்கக் கிழங்குகள் விட்டிருக்கும். அடுத்த பூ அதுலதான் வரணும். குளிர் தேசத்து ஐரிஸ் செடிக்கும் இதே குணம்தான்.

அதனால் பூ முடிந்த பிறகுதான் வேலையே. காய்ந்த பூத்தண்டை அடியோடு அறுத்துவிடணும். பச்சை இலையில் கை வைக்கக் கூடாது. பார்க்க நல்லா இல்லைன்னு மொட்டை அடிக்கிறவங்க உண்டு. அந்த இலைதானே பக்கக் கிழங்குக்குச் சோறு ஆக்குது! பழுத்த இலையை மட்டும் கிள்ளுங்க. களை எடுத்து, மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் வைத்து மண் அணைக்கணும். தண்ணீர் தேங்கவே கூடாது, கிழங்கு அழுகிவிடும்.

வயலில் ஒரு நடவு, இரண்டு மறுதாம்பு என்று மூன்று வருஷம் ஓட்டலாம். அதற்குமேல் கிழங்குகள் நெருக்கியடித்துப் பூ சிறுத்துவிடும். அப்போது தோண்டிப் பிரித்து, 25-30 கிராம் தேறுகிற கிழங்காகப் பொறுக்கி, நிழலில் ஒரு மாசம் போட்டு வைத்து நடுவோம்.

இதையெல்லாம் யார் செய்வார்? அடுத்த வருஷமும் அந்தக் காட்டில் இருக்கப் போகிறவன் செய்வான். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பூவுக்கு இங்கே மரியாதை உண்டு. ஆனால் இங்கிருந்து ராஜபாளையம் வரைக்கும் நான் பார்க்கிற குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு, அதுவும் ஒரு வருஷம். கிழங்கு விலை, நடவுக் கூலி என்று முதல் வருஷம் பணத்தைக் கொட்டணும். கையில் நாலு காசு நிற்கிறது மறுதாம்பில்தான். அந்த நேரம் பார்த்து, காடு வெள்ளையாப் பூத்து நிற்கிறதைக் கண்டு குத்தகையை ஏத்துவார்கள், இல்லை காட்டைத் திருப்பிக் கேட்பார்கள். பிறகு எவன் தொழுவுரம் அடிப்பான்? கிடைத்த பூவைப் பறித்துவிட்டுப் போய்விடுவான்.

1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவும் சட்டம் வந்தது. எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போயிரும் என்கிற பயத்தில்தான் நிலக்காரர்கள் காகிதத்தைத் தொடுவதில்லை. அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் சம்பங்கிக்கு ஒரு வருஷக் குத்தகை, அரிசி போட்ட உலையைப் பாதியில் இறக்குகிற மாதிரி.

இதைப் படிக்கிற பலருக்கு ஊரில் நாலு குழியாவது நிலம் இருக்கும், யாரோ குத்தகைக்குப் பார்ப்பார்கள். அடுத்த தடவை வரும்போது அவரிடம் என்ன பயிர்னு கேளுங்க. பூன்னு சொன்னா, பயிர் எடுக்கிற வரைக்கும், அதாவது மூணு வருஷம், இன்ன தேதியில் காட்டை ஒப்படைக்கணும்னு வக்கீலை வைத்து எழுதிக்கங்க. குத்தகைப் பணத்தையும் அப்பவே பேசி முடிச்சிருங்க.