செயற்கைக்கோள் காட்டும் பசுமையெல்லாம் காடா?

புது தில்லி: நாட்டின் வனப் பரப்பு கூடுகிறதா, குறைகிறதா? செயற்கைக்கோள் படங்களை ஆதாரமாகக் கொண்டே இக்கேள்விக்கு இரு வேறு விடைகள் கூறப்பட்டு வருகின்றன.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் 2024 டிசம்பரில் டேராடூனில் வெளியிட்ட 2023-ம் ஆண்டுக்கான இந்திய வன நிலை அறிக்கையின்படி, காடுகளும் மரங்களுமாக 8,27,357 சதுர கி.மீ. பரப்பு உள்ளது. இது நாட்டின் நிலப்பரப்பில் 25.17 சதவீதம், 2021-ஐ விட 1,445 சதுர கி.மீ. அதிகம்.

ஆனால் அதே ஆண்டு மே மாதம், 2000-ம் ஆண்டுக்குப் பின் இந்தியா 23.3 லட்சம் ஹெக்டேர் மரப் பரப்பை இழந்துள்ளதாக "குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்' வெளியிட்ட தகவலின் பேரில், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே முன்வந்து வழக்குப் பதிவு செய்து விளக்கம் கேட்டது.

இரண்டில் ஒன்று பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. அளவுகோல்களே வேறு. பின்னது, 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த மரங்களின் இழப்பை மட்டும் கூட்டுவது. மீண்டும் வளர்ந்ததை அதில் கழிப்பதில்லை. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனமோ வரவு, செலவு போக மிச்சத்தைக் கூறுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதத்துக்கு மரக்கிளைகளின் நிழல் இருந்தால் அது வனப் பரப்பு. நிலம் யாருடையது, மரம் எவ்வகை என்பது பொருட்டல்ல. பழத்தோட்டமும் மூங்கில் தோப்பும்கூட இக்கணக்கில் அடங்கும்.

அதிகரித்ததாகக் கூறப்படும் 1,445 சதுர கி.மீ.யில் வனப் பரப்பின் பங்கு 156 மட்டுமே. எஞ்சிய 1,289 சதுர கி.மீ., வனத்துக்கு வெளியே உள்ள மரங்களால் கிடைத்தது. வடகிழக்கு மாநிலங்களிலோ 327 சதுர கி.மீ. வனப் பரப்பு குறைந்துள்ளதாக அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. ஓரிடத்தில் இயற்கைக் காடு அழிந்து, வேறிடத்தில் ஒரே வகை மரங்கள் நடப்பட்டால் கணக்கு நேராகிவிடும். காட்டை நம்பியிருந்த ஓடைகளுக்கும் விலங்குகளுக்கும் அது ஈடாகாது.

சட்டச் சிக்கலும் இதில் அடங்கியுள்ளது. யாருக்குச் சொந்தமானாலும் அகராதிப் பொருளில் காடாக உள்ள நிலம் காடே என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் நிறைவேறிய வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் அந்தப் பாதுகாப்பைச் சுருக்குவதாக வழக்குத் தொடரப்பட்டது. மாநிலங்கள் 1996 விளக்கத்தையே பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. மொத்தமுள்ள 7.15 லட்சம் சதுர கி.மீ. வனப் பரப்பில் சுமார் 1.95 லட்சம், அரசுப் பதிவேடுகளில் உள்ள வனப் பகுதிகளுக்கு வெளியே இருக்கிறது. அதில் எது இயற்கைக் காடு, எது தோட்டம் என்று பிரித்துக் காட்டாத வரைபடம், பாதுகாக்க வேண்டிய நிலம் எது என்பதையும் காட்டாது.

குறை தொழில்நுட்பத்தில் இல்லை. 1987-ல் முதல் அறிக்கை தயாரானபோது படத்தின் ஒரு புள்ளி 80 மீட்டர் அகல நிலத்தைக் குறித்தது. இன்று அது 23.5 மீட்டர். காட்டுத் தீ குறித்தும் செயற்கைக்கோள் வழியாகவே வனத்துறையினருக்கு எச்சரிக்கை அனுப்பப்படுகிறது. கருவி கூர்மையடைந்த அளவுக்கு வரையறை கூர்மையடையவில்லை.

இயற்கைக் காடுகளையும் நட்டு வளர்த்த தோப்புகளையும் களஆய்வுடன் ஒப்பிட்டுத் தனித்தனியே கணக்கிட்டு வெளியிடுவதே இதற்குத் தீர்வு. அதுவரை, சதவீதம் உயர்ந்தது என்ற அறிவிப்பு காடு பிழைத்தது என்பதற்குச் சான்றாகாது.