பாலம் நிற்கிறது, பாதை போட்டவன் பெயர் எங்கே?



சிங்கப்பூரில் வேலைக்குப் போய் வரும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். புக்கிட் தீமா பக்கம் ஒரு பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். 1932 முதல் நம் மலாயா ரயில் ஓடிய பாலம் அது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனது. மறுநாள் நிலம் சிங்கப்பூர் கைக்குப் போனது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பாலத்தை விட்டுவைத்தார்கள். இன்று அதன் மேல் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். 24 கிலோமீட்டர் பாதை! அரசாங்கம் தானாகக் கொடுத்ததல்ல. நிலத்தைக் கூறு போடாதீர்கள் என்று 2010லேயே இயற்கை ஆர்வலர்கள் மனு கொடுத்தார்கள், மக்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தப் பாதையில் வேலை செய்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். குவீன்ஸ்வேயில் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய முனீஸ்வரன் கோயில் இன்றும் காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது. சாட்சி வேறு வேண்டுமா?

இனி நம் ஊருக்கு வருவோம். சிரம்பான்–போர்ட்டிக்சன் ரயில் 1891ல் ஓடத் தொடங்கியது. 39 கிலோமீட்டர். முதலில் ஈயம், பிறகு நம் பாட்டனும் பாட்டியும் வெட்டிய பால் ரப்பராகி அதில்தான் துறைமுகத்துக்குப் போனது. மம்பாவ், சிலியாவ் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அந்த ஊதல் சத்தம் தெரியும். பயணிகள் ரயில் நின்றது, பிறகு சரக்கு ரயிலும் நின்றது.

செண்டாயானில் நடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். தோட்டம் போய் டவுன்ஷிப் வந்தது. 2018ல் சுங்கை பீசியிலிருந்து விமானப்படைத் தளமும் வந்தது. லயம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் உங்கள் பேரனுக்குக் காட்ட முடியுமா?

அந்தப் பழைய ரயில் நிலமும் ஒரு நாள் பேச்சுக்கு வரும். நடைபாதையாக வந்தால் நல்லது. வீடமைப்புக்குப் போவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் அங்கே வைக்கும் பலகையில் வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயர் மட்டும் இருந்தால் நாம் சும்மா இருக்கக்கூடாது. கல் சுமந்தவன், கட்டை மாற்றியவன், மலேரியாவில் செத்தவன் எல்லாரும் அதில் வர வேண்டும், தமிழிலும் எழுத வேண்டும்.

கேட்கப் போகும்போது கையில் ஆதாரம் வேண்டும். தாத்தாவின் ரயில்வே வேலைக் கார்டு, சம்பளச் சீட்டு, ஸ்டேஷன் முன் எடுத்த படம், எதுவானாலும் பழைய தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். வீடு மாறும்போது குப்பையில் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்னால் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.