குறை சொல்லும் முன் அளந்து பாருங்கள்



மீஞ்சூர் ரயில் நிலையத்தில் நின்று கடற்கரைப் பக்கம் பாருங்கள். அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல் மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள் தெரியும். உங்களில் பலருடைய அப்பாவோ மாமாவோ அங்கே வேலை பார்ப்பவராக இருக்கலாம். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "டர்பைன் இன்று கொஞ்சம் மந்தமாக ஓடுகிறதுபோல் தோன்றுகிறதே என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்?" அவர் சிரிப்பார். அங்கே தோன்றுவதற்கு வேலை கிடையாது. டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. மின்சாரத்தின் அதிர்வெண் விநாடிக்கு 50. நாட்டின் மின்தேவை உற்பத்தியை மிஞ்சினால் அந்த 50 இறங்கும். 49.90க்கும் 50.05க்கும் இடையில் அது நிற்க வேண்டும் என்பது விதி. பத்தில் ஒரு பங்கு நழுவினாலும் கட்டுப்பாட்டு அறையின் அளவுமானி காட்டிவிடும்.

ஆனால் நம் வீட்டு மேசையில் இருக்கும் கணிப்பொறியைப் பற்றி மட்டும் நாம் எப்படிப் பேசுகிறோம்? "ரொம்ப ஸ்லோ, வைரஸ் வந்துவிட்டது, பழசாகிவிட்டது." அளந்தவர் யார்?

சென்ற ஆண்டு மீஞ்சூரில் எனக்குத் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அண்ணனின் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அரசு கொடுத்த மடிக்கணினி அது. (2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் என்பது உங்களுக்குத் தெரியுமோ?) ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், அது திறப்பதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம். பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டினாளாம். பெட்டியைத் திறக்காமலே, "இது தேறாது, புதிது வாங்கச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டார்கள். புதிது என்றால் அவள் அப்பாவுக்கு இரண்டு மாதச் சம்பளம்.

அந்தப் பொறியில் பாஸ் லினக்ஸ் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய இயங்குதளம் அது. அதில் 'சிஸ்டம் மானிட்டர்' என்றொரு நிரல் கூடவே வருகிறது. நீங்கள் விண்டோஸ் வைத்திருந்தால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' வரும். 1996ல் விண்டோஸ் என்.டி. 4.0 வந்த நாளிலிருந்து அது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. இவ்வளவு அருகில் இருந்தும் நம் மாணவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்?

திறந்தோம். மையச் செயலகத்தின் கோடு 10 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. "அப்படியானால் அது சும்மாதானே இருக்கிறது? ஏன் சார் மெதுவாக ஓடுகிறது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. விடைக்குப் போகும் முன், அந்த 10 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

வீட்டுக்கு மின் கணக்கு எடுக்க வருபவர் என்ன செய்கிறார்? மீட்டரில் இருக்கும் எண்ணைக் குறிக்கிறார், சென்ற முறை குறித்த எண்ணைக் கழிக்கிறார். வித்தியாசம்தான் நாம் செலவழித்தது. லினக்ஸும் இப்படித்தான் கணக்கு வைக்கிறது. மையச் செயலகம் எவ்வளவு நேரம் உழைத்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்பதை விநாடியில் நூறில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டே போகிறது. கண்காணிப்பு நிரல் விநாடிக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துக் கழித்துக்கொள்கிறது. நூறு பங்கில் முப்பது பங்கு சும்மா இருந்திருந்தால், உழைப்பு 70 சதவீதம். அவ்வளவுதான் வித்தை. அடிக்கடி எட்டிப் பார்த்தால் அதற்கும் ஓர் உழைப்பு ஆகும் என்பதை மறக்காதீர்கள். விநாடிக்குப் பத்து முறை துடிக்கும் அலங்கார மானி, தானே ஒரு சுமையாகிவிடும்!

இனி மாணவியின் கேள்வி. 'டாப்' என்றொரு பழைய நிரல் உண்டு. 1984ல் வில்லியம் லெஃபெவர் என்பவர் எழுதியது. லினக்ஸின் கட்டளைச் சாளரத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் போதும். மேல் வரியில் மூன்று எண்கள் தெரியும்: கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை. இதைச் சதவீதம் என்று எண்ணிவிடாதீர்கள். இது வரிசையின் நீளம். காலை நேரத்தில் நம் ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கவுண்டர்கள் திறந்திருந்து, இரண்டு பேர் நின்றால் நெரிசல் இல்லை. ஆறு பேர் நின்றால் நான்கு பேர் காத்திருக்கிறார்கள் என்று பொருள். கவுண்டர் என்பது செயலகத்தின் உட்கரு, நிற்பவர்கள் நிரல்கள்.

அவள் பொறியில் உட்கரு இரண்டு. சுமையோ 6ஐத் தாண்டியிருந்தது. கோடு 10 சதவீதம், வரிசையில் ஆறு பேர்! இது எப்படி? லினக்ஸின் கணக்கில், வட்டிலிருந்து தகவல் வருவதற்காகக் காத்திருக்கும் நிரல்களும் வரிசையில் சேர்த்தி. கவுண்டரில் இருப்பவர் சும்மாதான் இருக்கிறார். நிற்பவர்கள் எல்லோரும் சில்லறை வாங்கப் போனவன் திரும்பி வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். அந்தச் சில்லறை வாங்கப் போனவன்தான் வன்வட்டு. பொறியில் நினைவகம் 2 கிகாபைட் மட்டுமே. அது நிரம்பி வழிந்ததால், நினைவகத்தில் இருந்ததை வட்டில் எழுதுவதும் மறுபடி எடுப்பதுமாக இயங்குதளம் அலைந்துகொண்டிருந்தது. சுழலும் வட்டில் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க ஏறத்தாழ நூறில் ஒரு விநாடி ஆகும். நினைவகத்தை எட்டுவதைவிட இது ஏறக்குறைய லட்சம் மடங்கு அதிகம்.

நிரல்களின் பட்டியலை நினைவக அளவுப்படி வரிசைப்படுத்தினோம். அவள் கேட்காமலே, பொறியைத் திறந்ததும் தாமே எழும் மூன்று நிரல்கள் மேலே நின்றன. அவற்றைத் தொடக்கப் பட்டியலிலிருந்து நீக்கினோம். உலாவியில் திறந்து கிடந்த இருபத்திரண்டு பக்கங்களை நான்காகக் குறைத்தாள். மறுபடி அளந்தோம். சுமை 1க்குக் கீழே இறங்கியது. பிறகு, பழைய நினைவகச் சில்லு ஒன்றைத் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நினைவகம் நிரம்பியிருப்பதைக் கண்டதும் பதறிவிடக் கூடாது. காலியாகக் கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் வீணாக்காது. அண்மையில் படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே பார்க்க வேண்டியது 'ஃப்ரீ' என்ற எண்ணை அல்ல, 'அவைலபிள்' என்ற எண்ணை. "நினைவகத்தைச் சுத்தம் செய்கிறோம், வேகத்தைக் கூட்டுகிறோம்" என்று விளம்பரம் செய்யும் நிரல்கள் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான் பிழைக்கின்றன. திரையின் ஓரத்தில் ஒட்டிவைக்கும் அழகுக் கருவிகளிலும் கவனம் தேவை. விண்டோஸ் விஸ்டாவில் கார் முள்ளைப்போல் ஆடும் ஒரு மானி வந்தது. பலரும் மயங்கினோம், நானும்தான். அத்தகைய கருவிகள் வழியே தீய நிரல்கள் நுழைய இடமிருக்கிறது என்று, அந்த வசதியையே நிறுத்திவிடும்படி 2012ல் மைக்ரோசாஃப்டே சொல்ல வேண்டியதாயிற்று.

என் கருத்து இதுதான். பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்தில் முதல் பயிற்சியாக இந்தச் சாளரத்தைத் திறக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "மையச் செயலகம் கணிப்பொறியின் மூளை" என்று எழுதி நாம் மதிப்பெண் வாங்குகிறோம். அந்த மூளை உழைப்பதை ஒருநாளாவது பார்த்தோமா? பாடப்புத்தகத்தில் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்திருப்பதைவிட, ஒரு பெரிய படத்தைத் திறக்கும்போது கோடு எகிறுவதைப் பார்ப்பது எவ்வளவோ மேல். வெப்பமானியைத் தொடாமல் வெப்பத்தைப் பற்றிப் படித்ததுபோல்தானே இது?

"பிள்ளைகள் கண்ட நிரலையும் நிறுத்தி, பொறியைக் கெடுத்துவிடுவார்கள்" என்று ஆசிரியர்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். சாதாரணப் பயனர் கணக்கில் நுழைந்தவரால் லினக்ஸின் அடிப்படை நிரல்களை நிறுத்த முடியாது. தன் நிரலைத் தானே நிறுத்தித் திரை மறைந்துபோனால், மறுபடி உள்நுழையலாம். அப்படி ஒருமுறை மறையட்டுமே! எந்த நிரலை நிறுத்தினால் எது நிற்கிறது என்று அவன் வாழ்நாளில் மறக்கமாட்டான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்: நேரம், திறந்திருந்த நிரல்கள், செயலகம், நினைவகம், வட்டு. கடைக்குப் போக நேர்ந்தால் அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் உங்களிடம் பேசும் விதமே மாறும்.

அந்த மடிக்கணினி இன்னும் ஓடுகிறது. பாடங்களைத் தட்டச்சு செய்யவும், படிக்கவும் ஒரு குறையும் இல்லை. வீடியோ அழைப்பு வந்தால் மட்டும் திணறுகிறது. சென்ற வாரம் அவளே சாளரத்தைத் திறந்து காட்டினாள்: நினைவகத்தில் இடமிருந்தது, வட்டு அமைதியாக இருந்தது, செயலகத்தின் இரண்டு கோடுகளும் நூறைத் தொட்டு நின்றன. "இது மட்டும் நிஜமாகவே வயசுதான் சார்" என்றாள்.