தீ வருவதற்கு முன்பே வர வேண்டியவர்: நம்ம ஊரில் ‘ஃபயர் மார்ஷல்’ யார்?

ஆபீஸில் எப்போதாவது மாக் ட்ரில் நடந்திருக்கும். அலாரம் அடிக்கும், லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்குவோம், பார்க்கிங்கில் கூடி நிற்போம். ‘ஃபயர் மார்ஷல்’ என்று முதுகில் எழுதிய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் தலை எண்ணுவார். பக்கத்து டீமில் வேலை பார்க்கும் சக ஊழியர்தான். அரை நாளோ ஒரு நாளோ ட்ரெய்னிங் எடுத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

அமெரிக்காவில் இதே பெயரில் ஓர் அரசுப் பதவி இருக்கிறது. ஒரு ஹாலுக்குள் எத்தனை பேரை அனுமதிக்கலாம், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எந்தக் கடையை உடனே மூட வேண்டும் என்றெல்லாம் சட்டப்படி சொல்லக்கூடியவர் அவர். தீ பிடித்த பிறகு வரும் வண்டியை நமக்குத் தெரியும். தீ பிடிக்கக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்கும் இந்த ஆளை நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

அவர் என்ன செய்கிறார், அவராக என்ன தகுதி வேண்டும், அந்த வேலையை நம்ம ஊரில் யார் செய்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்ன வேலை?

கனெக்டிகட் மாநிலத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே ‘உள்ளூர் ஃபயர் மார்ஷல்’ என்பது சட்டத்திலேயே இருக்கும் பதவி. மாநிலத்தில் 169 ஊர்கள். சின்ன ஊர்களில் பகுதி நேரமாகக்கூட இந்த வேலையைச் செய்பவர்கள் உண்டு. ஆனால் பொறுப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதல் வேலை, ஆய்வு. பள்ளி, மருத்துவமனை, ஹோட்டல், தியேட்டர், அபார்ட்மென்ட் என மக்கள் கூடும், தங்கும் இடங்களுக்குள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறதா, அலாரமும் ஸ்பிரிங்க்ளரும் வேலை செய்கிறதா, சுவரிலும் கூரையிலும் ஒட்டியிருக்கும் பொருள் எளிதில் எரியக்கூடியதா? குறை இருந்தால் எழுத்தில் உத்தரவு. சரிசெய்யாவிட்டால் நடவடிக்கை.

இரண்டாவது, வரைபடத்தைப் பார்ப்பது. புதிய கட்டடம் எழும்புவதற்கு முன்பே பிளானை வாங்கிப் பார்த்து, இந்தப் படிக்கட்டு போதாது, இந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று சொல்வது. காகிதத்தில் ஒரு கோட்டை மாற்றுவது சுலபம். கட்டி முடித்த பிறகு சுவரை இடிக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது, விசாரணை. தன் ஊரில் ஒரு தீ விபத்து நடந்தால் அது எங்கே ஆரம்பித்தது, எதனால் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க வேண்டியது அவர் கடமை.

இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. சாம்பலைக் கிளறிக் காரணத்தைக் கண்டுபிடித்தவருக்கு, அடுத்த கட்டடத்தில் நுழையும்போது எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

என்ன தகுதி?

பெரும்பாலும் தீயணைப்பு வீரராக இருந்த அனுபவத்தோடுதான் இந்த வேலைக்கு வருகிறார்கள். ஆனால் அனுபவம் மட்டும் போதாது. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ, ஃபயர் மார்ஷலுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை 1037 என்ற எண்ணில் ஒரு தனி தரநிலையாகவே வைத்திருந்தது. ஆய்வாளருக்கு 1031, தீ விசாரணை செய்பவருக்கு 1033 என்று தனித்தனித் தரநிலைகள் இருந்தன.

கனெக்டிகட்டில் மாநிலம் வகுத்த பயிற்சியை முடித்து, தேர்வில் தேறி, சான்று வாங்கினால்தான் ஓர் ஊர் உங்களை ஃபயர் மார்ஷலாக நியமிக்க முடியும். வாங்கிய சான்று தக்க வேண்டுமென்றால் மூன்று வருஷத்துக்கு 90 மணி நேரம் தொடர் பயிற்சி எடுக்க வேண்டும்.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. காரணத்தை எழுத்தில் கொடுக்காமல், பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் அவரைப் பதவியிலிருந்து நீக்க முடியாது. ஊரில் செல்வாக்கானவரின் ஹோட்டலுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால், மற்ற தகுதி எல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை.

சரியாகப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் எல்லாம் கச்சிதமாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கனெக்டிகட்டுக்குப் பக்கத்து மாநிலம் ரோட் ஐலண்ட். அங்கே வெஸ்ட் வார்விக் என்ற ஊரில் ‘தி ஸ்டேஷன்’ என்று ஓர் இரவு விடுதி இருந்தது. 2003 பிப்ரவரி 20 இரவு, இசைக் குழுவினர் மேடையில் கொளுத்திய பட்டாசுப் பொறி, சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றியது. ஒன்றரை நிமிஷத்துக்குள் உள்ளே மூச்சுவிட முடியாத நிலை. வேறு வழிகள் இருந்தும், பெரும்பாலானோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே ஓடினார்கள். அங்கே நெரிசலில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். இறந்தவர்கள் 100 பேர்.

அந்த விடுதியை ஊரின் ஃபயர் மார்ஷல் அதற்கு முன் ஆய்வு செய்திருந்தார். மேடைக்கு அருகிலிருந்த ஒரு கதவு உள்பக்கமாகத் திறக்கிறது என்று குறை எழுதியிருந்தார். சுவரை மூடியிருந்த ஃபோமைப் பற்றி அவர் எழுதவில்லை. சத்தம் வெளியே போகக் கூடாது என்று ஒட்டிய ஃபோம் அது, எளிதில் எரியும் ரகம். விடுதி உரிமையாளர்கள் மீதும் இசைக் குழுவின் மேலாளர் மீதும் வழக்கு நடந்தது. ஃபயர் மார்ஷல் மீது குற்றம் சாட்டப்படவில்லை.

அவர் ஆய்வுக்குப் போகாமல் இல்லை. போனார், கையெழுத்தும் போட்டார். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. ஒரு சான்றிதழின் மதிப்பு, அதில் கையெழுத்துப் போட்டவரின் கண்ணுக்கு எவ்வளவு பயிற்சி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம்ம ஊரில் யார்?

தமிழ்நாட்டில் ‘ஃபயர் மார்ஷல்’ என்று அரசுப் பதவி கிடையாது. 1985-ம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டத்தின் கீழ் இயங்கும் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைதான் இந்த வேலையையும் பார்க்கிறது. நாம் ‘ஃபயர் என்ஓசி’ என்று சொல்லும் தடையில்லாச் சான்றுக்காக வந்து பார்ப்பவர்கள், நிலைய அலுவலரும் அவருக்கு மேலுள்ள மாவட்ட அளவிலான அதிகாரிகளும்தான்.

இந்தத் துறையில் சேர மூன்று வாசல்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தீயணைப்பாளர் ஆகலாம். பட்டம் இருந்தால் அதே வாரியத்தின் தேர்வு எழுதி நிலைய அலுவலர் ஆகலாம். 2023-ல் காவல் சார்பு ஆய்வாளர் தேர்வோடு சேர்த்து 129 நிலைய அலுவலர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. மூன்றாவது வாசல் டிஎன்பிஎஸ்சி குரூப்-1. துணை ஆட்சியர், டிஎஸ்பி வரிசையில் தீயணைப்புத் துறையின் மாவட்ட அலுவலர் பதவியும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இதைப் படிப்பாகவே எடுக்க விரும்புகிறவர்களுக்கு நாக்பூரில் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி இருக்கிறது. ஃபயர் இன்ஜினீயரிங்கில் பட்டப்படிப்பு அங்கே உண்டு.

இவர்களின் துணிச்சலைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்தின் பழைய கட்டடம் எரிந்தபோது தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். முன்னால் நின்று வழிநடத்திய அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் படுகாயம் அடைந்தார். குரூப்-1 எழுதி இந்தத் துறைக்கு வந்தவர் அவர்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நிலைய அலுவலரின் நாளை யோசித்துப் பாருங்கள். குடோனில் தீ, கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் பாம்பு, மழை வந்தால் படகு, வெயில் வந்தால் குப்பைமேடு. இத்தனைக்கும் நடுவில் ஏழு மாடி மருத்துவமனையின் ஒவ்வொரு தளத்தையும் ஏறிப் பார்க்க வேண்டும். மணி அடித்தால் ஆய்வை விட்டுவிட்டு ஓடியாக வேண்டும், ஓடுவதுதான் சரி. ஆக, எப்போதும் தள்ளிப்போவது எது? ஆய்வுதான்.

தீயை அணைக்கத் தெரிவதும், எரியாத ஒரு கட்டடத்தைப் பார்த்து அது எப்படி எரியும் என்று சொல்லத் தெரிவதும் இரண்டு வேறு திறமைகள். நாம் முதலாவதுக்கு ஆள் எடுத்து, இரண்டாவதையும் அவரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.

‘மின்கசிவே காரணம்’

விசாரணையின் நிலை இன்னும் மோசம். தீ விபத்து நடந்தால் வழக்கைப் பதிவு செய்வது காவல்துறை. மின் ஆய்வாளர் ஒரு பக்கம், தடய அறிவியல் நிபுணர்கள் ஒரு பக்கம். மறுநாள் செய்தியில் ‘மின்கசிவே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது’ என்ற வரி. அதற்குப் பிறகு இரண்டாம் கட்டம் என்ன ஆனது என்று எத்தனை விபத்தில் நமக்குத் தெரிந்திருக்கிறது?

பாடம் படிக்காததன் விலை என்ன என்பதற்கு 2004-ஐ விட வேறு சாட்சி வேண்டாம். அந்த ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் எரிந்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மணமகனும் அதில் ஒருவர். கீற்றுக்குக் கீழே கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்று அன்று மாநிலத்துக்கே தெரிந்தது. ஆறே மாதத்தில், ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் பள்ளியின் சத்துணவுச் சமையல் கூடத்தில் பிடித்த தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள்.

அந்தக் கூரை எங்கேயும் மறைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் கண்ணிலும் பட்டதுதான். ஆனால் ஜனவரி விபத்தின் காரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊரில் இருக்கும் ஒவ்வொரு கீற்றுக் கூரையையும் தேடிப் போக வேண்டியது தன் வேலை என்ற பொறுப்பு எந்த ஒருவரிடமும் இல்லை. பள்ளிகளில் கூரையை அகற்றும் உத்தரவு கும்பகோணத்துக்குப் பிறகுதான் வந்தது.

இருபது வருஷம் கழித்தும் கதை பெரிதாக மாறவில்லை. 2024 மே மாதம் ராஜ்கோட்டில் எரிந்த விளையாட்டு மையம் தீயணைப்புச் சான்று இல்லாமலேயே இயங்கியது. சிறுவர்கள் உட்பட 27 பேர் இறந்த பிறகு தீயணைப்பு அதிகாரிகளே கைதானார்கள். அதே ஆண்டு டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் 6 பேர் உயிரிழந்தார்கள். லிஃப்டுக்குள் சிக்கியவர்களும் அதில் இருந்தார்கள்.

இன்னொரு இன்ஸ்பெக்டரா?

‘ஏற்கெனவே கையெழுத்துக்கு அலைகிறோம், இன்னொருத்தரா?’ என்று தொழில் நடத்துகிறவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். இன்னொரு மேஜை, இன்னொரு கவர் என்று ஆகிவிட்டால் இந்தப் பதவியே வேண்டாம்.

அதனால்தான் மூன்று விஷயங்கள் சேர்ந்து வர வேண்டும் என்கிறோம். ஒன்று, தடுப்பு ஆய்வுக்கும் தீ விசாரணைக்கும் என்றே பயிற்சி பெற்ற தனி அணி. அவசர அழைப்பு வந்தாலும் அவர்கள் ஆய்வைப் பாதியில் விட்டுப் போகத் தேவையில்லாத அளவுக்கு ஆள்பலம். அரசமைப்புச் சட்டத்தின் 12-வது அட்டவணை, தீயணைப்புப் பணியை நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளில் ஒன்றாகவே சொல்கிறது. எனவே பெரிய மாநகராட்சிகளில் இருந்து இதைத் தொடங்கலாம்.

இரண்டு, ஆய்வு அறிக்கை பொதுவில் இருக்க வேண்டும். எந்த மருத்துவமனையை எப்போது பார்த்தார்கள், என்ன குறை எழுதினார்கள், அது சரியானதா என்பதை யாரும் போனில் தேடிப் பார்க்க முடிந்தால், கவரின் மதிப்பு தானாகக் குறையும். ஒவ்வொரு பெரிய விபத்தின் இறுதி விசாரணை முடிவும் அங்கேயே வெளியாக வேண்டும்.

மூன்று, சீல் வைக்கத் துணிந்த அதிகாரியை மறுநாளே இடமாற்றம் செய்ய முடியாத பாதுகாப்பு.

இது நடக்கும்வரை நம் கையில் இருப்பதையாவது செய்யலாம். அபார்ட்மென்ட் சங்கத்தின் அடுத்த மீட்டிங்கில் தீப் பாதுகாப்புச் சான்று இருக்கிறதா, எந்தத் தேதிவரை செல்லும் என்று கேளுங்கள். ஆபீஸ் படிக்கட்டில் அட்டைப் பெட்டி அடுக்கியிருந்தால் போட்டோ எடுத்து அட்மினுக்கு அனுப்புங்கள். மாடிக் கதவும் பின்வாசலும் பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். தீ என்று தெரிந்தால் லிஃப்ட் பக்கம் போகாதீர்கள். 101 அல்லது 112-க்கு அழையுங்கள்.

ஆனால் பூட்டிய கதவைப் பார்த்து நாம் கேள்விதான் கேட்க முடியும். ‘திற, இல்லையென்றால் கடையை மூடு’ என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும். அவரை நியமிக்க அடுத்த விபத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேண்டிய அளவுக்கு விபத்துகள் ஏற்கெனவே நடந்துவிட்டன.