பயறு டப்பாவில் ஒரு குடித்தனம்

பி.காம். படித்தவனுக்குக் கூட்டு வட்டி என்றால் பயம் கிடையாது. கடன் வாங்கியவன்தான் பயப்பட வேண்டும். ஆனால் கால்குலேட்டரையே கவிழ்த்து வைக்கச் செய்யும் ஒரு கூட்டு வட்டிக் கணக்கு உண்டு. பாருங்கள்.

அசல்: ஒரே ஒரு பெண் வண்டு. டெபாஸிட் செய்த இடம்: ஒரு கிலோ பச்சைப் பயறு. வண்டின் பெயர் பயறு வண்டு. எள் அளவுதான் இருக்கும், பழுப்பு நிறம். சுமார் எண்பது முட்டை போடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் எண்பதும் வண்டாகி வெளியே வரும். பாதி பெண் என்று வையுங்கள். நாற்பது பெண், ஆளுக்கு எண்பது முட்டை; இரண்டாம் மாதக் கடைசியில் 3,200. மூன்றாம் மாதம் 1,28,000!

ஒரு கிலோவில் இருக்கும் பயறு மணிகளோ சுமார் 25,000-லிருந்து 30,000. ஆக, மூன்றாவது மாதம் பயறு கம்பெனி திவால். மணிக்கு நாலு வண்டு வீதம் கடன்காரர்கள் வாசலில். (எல்லா முட்டையும் பிழைத்தால்தான் இந்தக் கணக்கு. நிஜத்தில் பிழைக்காது. ஆனால் டப்பாவைத் திறந்தவரின் முகத்தைப் பார்த்தால் கணக்கு சரிதான் என்று தோன்றும்.)

இந்தக் கணக்கு இப்போது எதற்கு? எல்லாம் துவாக்குடியால் வந்தது.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டில் திருவெறும்பூர், பெல், என்.ஐ.டி. எல்லாம் தாண்டினால் துவாக்குடி. ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் வேலைக்கு வந்து, மூன்று பேர் நாலு பேராக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பேச்சிலர்கள் இங்கே ஏராளம். இவர்களுக்கு இப்போது ஒரு புது வைராக்கியம் பிடித்திருக்கிறது. முளைகட்டிய பயறு! ஜிம் மாஸ்டர் சொன்னாராம். பச்சைப் பயறில் நூறு கிராமுக்கு இருபத்து நாலு கிராம் புரதம். பெரிய டப்பாவில் வருகிற பவுடரை வாங்கினால் மாசச் சம்பளத்தில் பள்ளம் விழும். பயறு வாங்கினால் விழாது. ராத்திரி ஊறப் போட்டு, காலையில் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை. அடுப்பு வேண்டாம், அம்மா வேண்டாம்.

எதிர் ரூம் தம்பி இதில் தீவிரவாதி. திருச்சியில் ஒரு மொத்தக் கடையில் சல்லிசாகக் கிடைத்தது என்று அஞ்சு கிலோ வாங்கி, பெரிய டின்னில் கொட்டி, இறுக்கி மூடி வைத்தார். ஆறாவது வாரம் டின்னோடு வந்து நின்றார்.

"அண்ணே, டைட்டா மூடித்தானே வெச்சேன்? ஒரு எறும்பு போக வழியில்லண்ணே. இது எப்படி உள்ள பூந்துச்சு?"

எட்டிப் பார்த்தேன். துவாக்குடி டோல்கேட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் நிற்கிற கூட்டம் தோற்றது.

இந்த வாரம் சொல்ல வந்த விஷயமே இதுதான். வண்டு உள்ளே புகவில்லை ஸார். உள்ளேயேதான் இருந்தது. நாம்தான் அதையும் சேர்த்து எடை போட்டு வாங்கி, ஆட்டோ பிடித்து, மாடி ஏற்றிக் கொண்டு வருகிறோம்.

கடைக்காரரைத் திட்டாதீர்கள். கதை வயலில் ஆரம்பிக்கிறது. நம் டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் தரிசுப் பயறு என்று பெயர். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து, பங்குனி சித்திரையில் நெற்று முற்றும். அந்த முற்றின நெற்றின் மேலேயே வண்டு வந்து முட்டை வைத்துவிடும். டெல்டா என்றில்லை, பயறு விளைகிற ஊர் எல்லாவற்றிலும் இதே கதைதான். களத்துக்குப் போய், மூட்டையாகி, கடைக்கு வந்து, உங்கள் கையில் கிடைக்கும்போது வண்டு வெளியே தெரியாது. மணி பளபளவென்று இருக்கும்.

உற்றுப் பார்த்தால் சில மணிகளின் மேல் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும். அதுதான் முட்டை. புழு முட்டையை விட்டு வெளியே வந்து வாசல் தேடி அலையாது. முட்டையின் அடிப்பக்கமாகவே தோலைத் துளைத்து நேராகப் பயறுக்குள் இறங்கிவிடும். உள்ளேயே சாப்பாடு, தூக்கம், வளர்ச்சி எல்லாம். வாடகை, அட்வான்ஸ் எதுவும் கிடையாது. கடைசியில் தோலை மட்டும் மெல்லிசாக விட்டுவைத்து ஒரு வட்டக் கதவு செதுக்கும். ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு வண்டாக வெளியே வரும். அந்த ஓட்டையைத்தான் நாம் பார்த்து, "ஐயோ, வண்டு விழுந்துருச்சு" என்கிறோம். விழவில்லை. எழுந்து வந்திருக்கிறது!

இன்னொரு தமாஷ். வெளியே வந்த வண்டு சாப்பாட்டுக்கு அலைவதே இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு வாரத்தில் கல்யாணம், முட்டை, காலம் முடிந்தது. நம்மில் பலருக்கு முப்பது வருஷமாக ஆகாத காரியம்.

தம்பியின் டின்னைப் பார்த்ததும் வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஓனரம்மா முதலில். "லேசா வறுத்து வெச்சிருக்கணும் தம்பி. எங்க வீட்ல அப்படித்தான். வருஷம் பூரா ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, பாயசத்துக்கு. வறுத்தால் புழு சாகும். கூடவே பயறும் செத்துவிடும். அதைத் துணியில் கட்டி ஏழு நாள் தொங்கவிட்டாலும் முளைக்காது, நாறும். இதனால்தான் வீட்டு வைத்தியம் எல்லாம் முளைப்பயறு கோஷ்டிக்கு அப்படியே ஒத்துவருவதில்லை. பருப்பாக உடைத்து வைத்தாலும் பயறு வண்டுக்கு அவ்வளவு இஷ்டமில்லை, அது கேட்பது முழு மணி. ஆனால் உடைத்த பருப்பும் முளைக்காதே!

ஒரே டப்பாவில் இரண்டு உயிர் இருக்கிறது. வண்டுக்கும் உயிர், விதைக்கும் உயிர். ஒன்று முழித்துக்கொண்டிருக்கிறது, ஒன்று தூங்குகிறது. முழித்திருப்பதைத் தீர்க்கணும், தூங்குவதற்குத் தெரியக் கூடாது. கேஸ் அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை வைத்து மற்ற வைத்தியங்களைப் பார்ப்போம்.

வெயில்: வண்டுக்கு ஆகாது. பரப்பிய கொஞ்ச நேரத்தில் நடக்கத் தெரிந்ததெல்லாம் பக்கத்து மாடிக்குப் போய்விடும். பயறு நன்றாகக் காய்வதும் லாபம்தான். ஆனால் உள்ளே இருக்கும் புழு முழுக்கச் சாகும் என்று சொல்ல முடியாது. சூட்டோடு அள்ளி டப்பாவில் போட்டால் வியர்த்துப் பூசணம் வேறு. நிழலில் ஆறவிட்டுத்தான் அள்ள வேண்டும்.

வேப்பிலை: வண்டுக்குப் பிடிக்காத வாசனை. வெளியிலிருந்து வருவது கொஞ்சம் யோசிக்கும். உள்ளே பிறந்து வளர்ந்தவனுக்கு அது சொந்த ஊர் வாசனை. போடுவதாக இருந்தால் காய்ந்த இலை. பச்சை இலையின் ஈரம் பயறைக் கெடுக்கும்.

எண்ணெய்: இது நிஜமாகவே வேலை செய்யும். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டு, எல்லா மணியிலும் படுகிற மாதிரி பிசறினால் முட்டைக்கு மூச்சு முட்டிவிடும். ஊறப் போடும் முன் கழுவிவிட்டால் முளைக்கும். துவரைக்கு விளக்கெண்ணெய் பூசுவது இந்தக் கணக்கில்தான். (பயறுக்கும் அதையே பூசி, கழுவாமல் பச்சையாகத் தின்றுவிட்டு ஆபீஸ் போனால், மதியத்துக்குள் லீவ் லெட்டர் எழுத வேண்டியிருக்கும்.) ஆனால் எண்ணெயின் அதிகாரம் தோலுக்கு வெளியேதான். உள்ளே இறங்கிவிட்ட புழுவை அது ஒன்றும் செய்யாது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் முட்டைக்கென்றே ஒரு கருவி செய்திருக்கிறார்கள். ஓட்டை போட்ட உருளை, நடுவில் பிரஷ் வைத்த தண்டு. பயறைப் போட்டுச் சுற்றினால், மணி மேல் ஒட்டியிருக்கும் முட்டைகள் நசுங்கும், முளைப்பு கெடாது. மூட்டை கணக்கில் விதை வைத்திருப்பவர்களுக்கு நல்ல சமாசாரம்.

நாலாவது வைத்தியத்தைச் சொன்னவர் தம்பியின் ரூம் மேட். "கோடவுன்ல ஒரு மாத்திரை வைப்பாங்கடா மாப்ளே. ஒண்ணு வாங்கிப் போட்டா ஒரு வண்டு இருக்காது."

இங்கே மட்டும் தமாஷ் கிடையாது. அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷ வாயு வரும். கோடவுனில் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள், தார்ப்பாய் போட்டு மூடி, ஆளை அப்புறப்படுத்திவிட்டு வைப்பது. பத்துக்குப் பத்து ரூமில், ஜன்னலைச் சாத்திவிட்டு நாலு பேர் படுத்திருக்கிற இடத்தில் வைப்பது அல்ல. அந்த விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. வண்டு இருக்காது என்று சொன்னவர் வாஸ்தவம்தான் சொன்னார். ரூமில் யாரும் இருக்க மாட்டார்கள். அதே மாதிரி, விதைக் கடையில் சிவப்பு, பச்சை என்று சாயம் ஏற்றின பயறு கிடைத்தால் முளைகட்டித் தின்னாதீர்கள். அது விதைப்பதற்காகப் பூஞ்சாண மருந்து பூசினது. கழுவினால் போய்விடும் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

சரி, வழி என்ன? இரண்டு இருக்கிறது.

ஃபிரிஜ் இருக்கிறவர்களுக்கு: நன்றாகக் காய்ந்த பயறைப் பாலிதீன் பையில் கட்டி ஃபிரீசரில் ஒரு வாரம், பழைய ஃபிரீசராக இருந்தால் இரண்டு வாரம் வையுங்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் காலி. பயறு? அதில் ஐஸாக உறைகிற அளவுக்குத் தண்ணீர் இல்லாததால் அது தூக்கம் கலையாமல் கிடக்கும். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காதீர்கள். குளிர் முழுக்க விட்ட பிறகு அவிழ்த்தால்தான் மணியின் மேல் தண்ணீர் கோக்காது.

ஃபிரிஜ் இல்லாத பேச்சிலருக்கு ஆப்பிரிக்கா கைகொடுக்கிறது. கேமரூன் நாட்டில் ஏழை விவசாயிகளின் காராமணியை இதே ஜாதி வண்டுதான் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. 1987-ல் ஆரம்பித்து, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக் என்ற பூச்சி விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் அங்கே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மருந்தே இல்லை. ஒரு சாக்குக்குள் இரண்டு பிளாஸ்டிக் பை, மொத்தம் மூன்று அடுக்கு. காராமணியை நிரப்பி, காற்றை வெளியேற்றி, ஒவ்வொரு பையாக இறுக்கிக் கட்ட வேண்டியது. உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனை வண்டுகளே மூச்சு விட்டுத் தீர்த்துவிடும். ஆக்ஸிஜன் குறைந்தால் புழு தின்பதை நிறுத்தும். அதற்குத் தண்ணீர் கிடைப்பதே தின்ற தீனி உடம்புக்குள் எரிகிறபோதுதான். ஆக, கடைசியில் தாகத்தில் சாகிறது. தூங்குகிற விதையோ மூச்சு விடுவதே தெரியாமல் விடும். அதற்கு ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் தம்பியின் டைட்டான டின்னில் ஏன் சாகவில்லை? டின் முக்கால்வாசி காலி. தினம் காலையில் திறந்து ஒரு கைப்பிடி. வண்டுகளுக்கு அவரே தினசரி ஆக்ஸிஜன் சப்ளை! போதாக்குறைக்கு அடியில் போன தடவை வாங்கின மிச்சம், அதன் மேலேயே புதுச் சரக்கு. கடைசியில் வந்தது முதலில் போகும். அடியில் இருப்பது வருஷக் கணக்கில் ஓப்பனிங் ஸ்டாக்காகவே இருக்கும், வண்டுகளோடு.

எனவே வழிமுறை: அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களைச் சேர்த்து, கழுவி, சொட்டு ஈரமில்லாமல் காய வையுங்கள். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைகிற காய்ந்த பயறாகப் பார்த்து, தட்டித் தட்டிக் கழுத்து வரைக்கும் நிரப்பி, மூடியை இறுக்குங்கள். ஒரு பாட்டிலில் சுமார் நானூறு கிராம் பிடிக்கும். அஞ்சு கிலோவுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று பாட்டில். மேலே தேதி எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில்தான் திறப்பது. அது தீர்ந்துதான் அடுத்தது. முதலில் வந்தது முதலில் போகட்டும். காலேஜில் தூங்கிக்கொண்டே படித்த ஸ்டாக் பாடம், பயறுக்காவது உதவட்டும்.

ஊறப் போடும்போது மிதக்கிற மணிகளை அள்ளி எறியுங்கள். அவற்றில் பெரும்பாலும் குடித்தனம் நடந்து முடிந்திருக்கும். பக்கத்து டப்பாவின் அரிசியைச் சந்தேகப்படாதீர்கள். மூக்கு நீண்ட அரிசி வண்டு வேறு கட்சி, பயறு பக்கம் கூட்டணிக்கு வராது.

தம்பி இப்போது அரைக் கிலோதான் வாங்குகிறார். சல்லிசு என்று அஞ்சு கிலோ வாங்குவது அவருக்காக அல்ல, ஒரு பெரிய குடும்பத்துக்காக என்று புரிந்துவிட்டது. ஜிம்மில் அவருக்கு இன்னும் புஜம் ஏறவில்லை. ஆனால் அந்த அஞ்சு கிலோவைத் தின்ற வண்டுகளைப் பார்த்தேன் ஸார். என்ன உடம்பு!